கணக்கு எழுதாத சோதனை



இது நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். குறிப்பாக என் தம்பி மகன் கடைசி வரி வரை படிக்க வேண்டும். அவனுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் இதே கேள்வி நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம் என்பதால் எல்லோருக்கும் பொதுவாகப் போடுகிறேன்.

என் தம்பிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒரு வீடியோ போட்டான். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து ஊசியாகப் போட்டால், செத்துப்போன மூளைச் செல்கள் திரும்ப வளரும் என்று ஒரு சிகிச்சை மையம் சொல்கிறது. கட்டணம் நாலரை லட்சம். வீடியோவில் ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கிறார். "ஊர்ல இருக்கற மனையை வித்துடலாமா? அத்தை, நீங்க சயின்ஸ் டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தான்.

அதே குழுவில் ஆறு மாதத்துக்கு முன்பு வேறொரு விவாதம் நடந்தது. தம்பியைப் பார்த்துவந்த மருத்துவமனையில், கைப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டார்கள். இரண்டு வகைப் பயிற்சியில் ஒன்று குலுக்கல் முறையில் கிடைக்கும், செலவு இல்லை, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார்கள். "நம்ம ஆளைச் சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்க" என்று வீடே கொதித்தது. கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். நானும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அது என் தவறு.

அதாவது, இலவசமாக, கையெழுத்து வாங்கி, கணக்கு எழுதிச் செய்வது நமக்குச் "சோதனை". பணம் வாங்கிக்கொண்டு, கணக்கே எழுதாமல் செய்வது "சிகிச்சை". இந்தக் குழப்பம் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியது இல்லை. இருநூறு வருட மருத்துவ வரலாறே இந்தக் குழப்பத்தில் விழுந்து எழுந்த கதைதான். அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்த வரலாறு தினமும் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. உங்கள் கணக்கு சாருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து பதினோரு வருடம். ஆறு மணிக்கு லெவோடோபா மாத்திரை கொடுப்பேன். அதுவரை கட்டிலில் புரண்டு படுக்கவே சிரமப்படுவார். முக்கால் மணி நேரம் கழித்துச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார். அந்த மாத்திரை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரித்தது ஆறே ஆறு நோயாளிகளைத்தான். அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நோயை அவர் அவ்வளவு நுட்பமாக வர்ணித்திருந்ததால், பின்னாளில் பாரிஸ் நகரின் பெரிய நரம்பியல் மருத்துவர் ஷார்கோ அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்.

இந்த ஷார்கோ ஒரு விஷயத்தைக் கவனித்தார். ரயிலிலோ குதிரை வண்டியிலோ நீண்ட தூரம் குலுங்கி வந்த நோயாளிகள், வந்து இறங்கியதும் உடம்பு லேசாக இருப்பதாகச் சொன்னார்கள். உடனே அதே மாதிரி அதிரும் ஒரு நாற்காலியைச் செய்யவைத்தார். அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள் நன்றாகத் தூங்கினோம், விறைப்புக் குறைந்தது என்றார்கள். ஷார்கோ 1893-ல் இறந்துவிட்டார். நாற்காலி உண்மையிலேயே வேலை செய்ததா என்று யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை.

நூறு வருடத்துக்கும் மேல் கழிந்து, 2012-ல் சிகாகோ மருத்துவர்கள் அதைச் சோதித்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அதிர்வு உண்டு, இன்னொரு பிரிவுக்கு இல்லை. அதிர்வு பெற்றவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. அதிர்வு பெறாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு முன்னேற்றம் தெரிந்தது! ஷார்கோவின் நோயாளிகள் பொய் சொல்லவில்லை. ஷார்கோவும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் குணம் நாற்காலியிலிருந்து வந்ததா, அக்கறையும் ஓய்வும் நம்பிக்கையும் சேர்ந்து தந்ததா என்பதை, ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாமல் அவரால் சொல்லியிருக்கவே முடியாது.

இங்கே என் பழைய மாணவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வருடம் தவறாமல் போனவள் நான். தாளில் மாணவர் பெயர் இருக்காது. பள்ளியின் பெயரும் இருக்காது. டம்மி எண்தான் இருக்கும். ஏன்? நான் நேர்மையற்றவள் என்று அரசாங்கம் நினைத்ததாலா? இல்லை. தெரிந்த பெயரைப் பார்த்தால் என் பேனா என்னை அறியாமலே அரை மதிப்பெண் கூட்டும். மருத்துவச் சோதனையிலும் அதேதான். யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவில்தான் உறையைப் பிரிப்பார்கள்.

சரி, லெவோடோபாவுக்கு வருவோம். இந்தப் பொருள் அவரை விதையில் இருக்கிறது என்று 1913-லேயே சுவிட்சர்லாந்தில் குக்கன்ஹைம் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்திருந்தார். ஐரோப்பாவில் விளையும் பெரிய அவரை வகை அது. தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். 1937-ல் நம் சென்னையில், தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு உயிர்வேதியியலாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். ஆனால் அது எந்த நோய்க்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பூட்டு எது என்று தெரியாமல் சாவி இருபது முப்பது வருடம் அலமாரியில் கிடந்தது.

1957-ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம்மூர் சர்ப்பகந்தாச் செடியில் கிடைக்கும் பொருள்தான் ரெசர்பின். முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் எழுந்து ஓடின. டோபமைன் என்ற பொருள் மூளையில் குறைந்தால் அசைவு போய்விடும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1960-ல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் மிகக் குறைவாக இருப்பதைக் காட்டினார். 1961-ல் அவரும் பிர்க்மேயரும் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்தார்கள். சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள்.

இந்த இடத்தில் கதை நேராகப் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. மற்ற ஊர்களில் செய்து பார்த்தவர்களில் சிலருக்குப் பலன் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. ஒப்பீட்டுச் சோதனை செய்த சிலரும் "பலன் இல்லை" என்றே எழுதினார்கள். காரணம், அளவு போதவில்லை. அதிகம் கொடுத்தால் வாந்தி. 1967-ல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ் பொறுமையாக ஒரு வழி கண்டார். மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாளொன்றுக்குப் பல கிராம் வரை வாய் வழியே கொடுத்தார். பலன் நிலைத்தது. அதன்பின் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளிலும் நிரூபணமானது. 1970-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வாந்தியைக் குறைத்து மருந்தின் அளவையும் குறைக்கும் கார்பிடோபா பிற்பாடு அதனோடு சேர்ந்தது. சார் சாப்பிடும் மாத்திரையில் இரண்டும் இருக்கின்றன.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சோதனை என்பது தவறே செய்யாத சாமி இல்லை. சரியான மருந்தைத் தவறான அளவில் சோதித்தால், நல்ல மருந்தும் ஃபெயில் ஆகும். ஆனால் எவ்வளவு கொடுத்தோம், யாருக்குக் கொடுத்தோம், என்ன ஆனது என்று எழுதி வைத்திருந்ததால்தான் அடுத்து வந்தவர் தவறு எங்கே என்று தேட முடிந்தது. கணக்குத் தாளில் விடை தப்பாக இருந்தாலும் சார் படிக்குப் படி மதிப்பெண் போடுவாரே, அது மாதிரி.

அடுத்து வருவதுதான் நம் ஸ்டெம் செல் கேள்விக்கு நேரடியான முன்கதை.

லெவோடோபா நோயைக் குணமாக்குவதில்லை. வருடங்கள் போகப் போக அதன் பலன் ஏறி இறங்கும், தேவையில்லாத அசைவுகளும் வரும். அதனால் டோபமைன் சுரக்கும் செல்களையே மூளையில் வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். 1987-ல் மெக்சிகோவில் மத்ராசோ என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் சொந்த அட்ரீனல் சுரப்பித் திசுவை மூளையில் வைத்தார். இரண்டே நோயாளிகள். அபாரமான முன்னேற்றம் என்று புகழ்பெற்ற மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. உலகமெங்கும் அதே அறுவையைச் செய்ய ஆரம்பித்தார்கள். சில வருடங்களுக்குள் நூற்றுக்கணக்கானவர்களின் மண்டை திறக்கப்பட்டது. பிறகு எல்லோருடைய விவரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பலன் சொற்பம், சிக்கல்கள் பெரிது, இறப்புகளும் உண்டு என்று தெரிந்தது. சத்தமில்லாமல் அந்த அறுவையைக் கைவிட்டார்கள்.

அதற்கடுத்து, கருக்கலைப்பில் கிடைத்த கருவின் மூளைச் செல்களை வைத்துப் பார்த்தார்கள். ஆரம்ப அறிக்கைகள் நம்பிக்கை தந்தன. இந்த முறை அமெரிக்காவில் கர்ட் ஃப்ரீட், ஸ்டான்லி ஃபான் முதலானோர் ஒரு கடினமான முடிவெடுத்தார்கள். 40 நோயாளிகள். குலுக்கலில் 20 பேருக்குச் செல்கள் வைக்கப்பட்டன. மீதி 20 பேருக்கும் மண்டை ஓட்டில் துளை போடப்பட்டது. ஆனால் மூளையைத் தொடவில்லை, செல்களும் வைக்கவில்லை. எல்லோரும் விழித்திருந்த நிலையிலேயே இது நடந்தது. யாருக்கு எது என்று ஒரு வருடம் வரை அவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் முன்கூட்டியே இதை அறிந்து சம்மதித்து வந்தவர்கள்.

படிக்கும்போது பதறுகிறது அல்லவா? எனக்கும் பதறியது. சும்மா ஒருவர் மண்டையில் துளை போடலாமா என்று மருத்துவ உலகமே அப்போது இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்தச் சண்டை நியாயமானதுதான்.

2001-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து "நான் எவ்வளவு தேறியிருக்கிறேன்" என்று நோயாளிகள் தங்களுக்குத் தாங்களே கொடுத்த மதிப்பீட்டில், இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அறுபது வயதும் அதற்குக் குறைவும் ஆனவர்களுக்கு மட்டும் மருத்துவர்கள் அளந்த சில அளவைகளில் முன்னேற்றம் இருந்தது. அதைவிட முக்கியம், செல் வைக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குப் பின்னாளில் கட்டுப்படுத்த முடியாத அசைவுகள் வந்தன. மருந்தைக் குறைத்தும் அவை நிற்கவில்லை.

2004-ல் அதே நோயாளிகளில் ஒரு பகுதியினரைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. தனக்குச் செல் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர்களின் வாழ்க்கைத் தரம், அப்படி நம்பாதவர்களைவிட நன்றாக இருந்தது. உண்மையில் யாருக்கு வைக்கப்பட்டிருந்தது என்பதைவிட, யார் நம்பினார்கள் என்பதே அதிக வித்தியாசத்தைக் காட்டியது. மண்டையில் வெறும் துளை மட்டும் போடப்பட்ட அந்த 20 பேர் இல்லையென்றால் இது உலகத்துக்குத் தெரிந்திருக்காது. இந்நேரம் பல ஊர்களில் அந்த அறுவைக்கு விளம்பரப் பலகை வைத்திருப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் மனையை விற்றிருப்போம்.

இனி பக்கவாதம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான பக்கவாதத்துக்குக் காரணம். குழாய் அடைத்தால் பக்கத்தில் இன்னொரு குழாயை இணைத்துவிடலாமே? 1967 முதல் தலைத்தோலின் ரத்தக்குழாயை மூளையின் ரத்தக்குழாயோடு தைக்கும் அறுவையைச் செய்தார்கள். பிளம்பருக்குக்கூடப் புரியும் தர்க்கம். இணைத்த குழாயில் ரத்தம் ஓடுவதைப் படம் பிடித்தும் காட்டினார்கள். கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் 1,377 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். 1985-ல் முடிவு வந்தது. அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பக்கவாதம் குறையவில்லை. சற்றுக் கூடுதலாகவே வந்தது.

அடுத்து, அடைப்பைக் கரைக்கும் மருந்துகள். மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி உயிர் காத்தது. இதயத்தில் கரையும் கட்டி மூளையில் கரையாதா? ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சோதித்தார்கள். 1990-களின் நடுவில் அந்தச் சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஊசி போட்டவர்கள் அதிகம் இறந்தார்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு.

அதே காலத்தில் அமெரிக்காவில் டிபிஏ என்ற வேறொரு கரைப்பு மருந்தை 624 பேரிடம் சோதித்தார்கள். கண்டிப்பான விதி: நோய் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். 1995-ல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்து, ஏறக்குறைய ஊனமே இல்லாமல் தேறியவர்கள் வெற்று மருந்துப் பிரிவில் 100-க்கு 26 பேர், டிபிஏ பிரிவில் 39 பேர். ஆனால் மருந்து பெற்றவர்களில் 100-க்கு 6 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. மற்றப் பிரிவில் அது ஒருவருக்கும் குறைவு. அப்படியிருந்தும் மொத்த இறப்பு கூடவில்லை. லாபமும் நஷ்டமும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட நேர்மையான கணக்கு இது. 2008-ல் ஐரோப்பியச் சோதனை ஒன்று அந்த நேரத்தை நாலரை மணி வரை நீட்டலாம் என்று காட்டியது.

இரண்டு மருந்தும் கட்டியைக் கரைப்பவைதான். ஒன்று கொன்றது, ஒன்று காத்தது. உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

ஆஸ்பிரின் கதை வேறு மாதிரி. 1997-ல் இரண்டு மாபெரும் சோதனைகள் முடிந்தன. ஒன்று 36 நாடுகளில் 19,435 பேர். இன்னொன்று சீனாவில் 21,000-க்கும் மேற்பட்டவர்கள். ஆக நாற்பதாயிரம் பேர். பக்கவாதம் வந்த உடனே ஆஸ்பிரின் தொடங்கினால், முதல் சில வாரங்களில் ஆயிரம் பேருக்கு ஒன்பது பேர் அளவில் இறப்போ மறுபடி பக்கவாதமோ தவிர்க்கப்படுகிறது என்று தெரிந்தது. ஆயிரத்துக்கு ஒன்பது! எந்த ஒரு மருத்துவரும் தன் வாழ்நாள் அனுபவத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆனால் உலகம் முழுக்கக் கூட்டிப் பாருங்கள், எத்தனை ஆயிரம் குடும்பங்கள்!

கட்டியை வலைக்குழாய் விட்டு வெளியே இழுக்கும் முறையும் 2013-ல் மூன்று சோதனைகளில் தோற்றது. அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். எந்தக் குழாயில் அடைப்பு என்று முதலில் படமெடுத்து உறுதி செய்து, புதிய கருவியால் நெதர்லாந்தில் 500 பேரிடம் சோதித்தார்கள். 2015-ல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் பிறர் துணையின்றி வாழ முடிந்தவர்கள் 19 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்ந்தார்கள். இன்று நம் பெரிய நகரங்களிலும் இதைச் செய்கிறார்கள்.

என் தம்பிக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. இரவு பத்து மணிக்குக் கை மரத்திருக்கிறது. "வாய்வு, காலையில சரியாயிடும்" என்று தைலம் தேய்த்துப் படுக்கவைத்துவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போனது மறுநாள் காலை எட்டு மணிக்கு. பத்து மணி நேரம். அந்த 624 பேர் வாங்கித் தந்த மூன்று மணி நேரத்தை நாம் தைலம் தேய்த்துக் கழித்தோம். யாரையும் குறை சொல்லவில்லை. முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், உடனே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

இப்போது தம்பி மகனின் வீடியோவுக்கு வருகிறேன்.

மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்லைப் பக்கவாதத்துக்குப் போட்டால் பலன் உண்டா என்று நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மருத்துவமனைகள், 120 நோயாளிகள். பாதிப் பேருக்குத் தங்கள் சொந்த மஜ்ஜைச் செல் ஊசியாகப் போடப்பட்டது, பாதிப் பேருக்குப் போடப்படவில்லை. 2014-ல் முடிவு வெளியானது. ஆபத்து இல்லை, ஆனால் ஆறு மாதம் கழித்து இரு பிரிவுக்கும் வித்தியாசமும் இல்லை.

அப்படியானால் வீடியோவில் நடந்தவர்? அவர் நடந்தது உண்மையாகவே இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் பலர் முதல் சில மாதங்களில் தாமாகவே ஓரளவு தேறுகிறார்கள். உன் அப்பாவையே பார். முதல் வாரம் ஒரு சொல் வரவில்லை. மூன்றாம் மாதம் என்னை "அக்கா" என்று கூப்பிட்டான். நாம் கொடுத்தது பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும்தான். இரண்டாம் வாரத்தில் அந்த நாலரை லட்சம் ஊசியைப் போட்டிருந்தால், அந்த "அக்கா" யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்? நீயே வீடியோவில் வந்து சாட்சி சொல்லியிருப்பாய். மனசறிந்து பொய் சொல்லாமலே தவறான சாட்சி சொல்லியிருப்பாய். நடக்காதவர்களின் வீடியோவை யாரும் எடுப்பதும் இல்லை.

சோதனை நமக்குப் பிடித்ததைத்தான் சொல்லும் என்றும் இல்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி செய்யவைத்தால் பலன் கூடுமா என்பது கேள்வி. நம் குடும்ப அமைப்புக்குப் பொருத்தமான யோசனை. எனக்கும் ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசை. 2017-ல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து பயிற்சிப் பிரிவில் 47 சதவீதம், வழக்கமான கவனிப்புப் பிரிவிலும் 47 சதவீதம். வீட்டுப் பெண்கள் தலையில் பயிற்சியைக் கட்டிவிட்டுத் தெரபிஸ்ட் வேலையை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது நினைத்திருந்தால், அந்த எண்ணத்துக்கு இந்த 47 பதில் சொல்லிவிட்டது.

"சோதனை எலி" என்ற பயம் வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். ஹிட்லரின் முகாம்களில் மருத்துவர்கள் மனிதர்களை வதைத்தார்கள். அதனால்தான் 1947-ல் நியூரம்பர்க் நெறிகளும், 1964-ல் ஹெல்சிங்கி அறிக்கையும் வந்தன. நம் நாட்டிலும் சம்மதம் சரியாக வாங்காத சோதனைகள் பற்றி நீதிமன்றம் வரை வழக்குகள் போயின, விதிகள் இறுகின. பயந்தவர்கள் கேள்வி கேட்டதால்தான் அந்தக் காவல் வந்தது. ஆகவே பயப்படுங்கள், ஆனால் கேள்வியாகப் பயப்படுங்கள். இந்தச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா? 2009 முதல் பதிவு கட்டாயம், இணையத்தில் யாரும் பார்க்கலாம். நெறிமுறைக் குழு அனுமதித்ததா? பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? விலகலாமா? என்னிடம் பணம் கேட்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டெம் செல் என்றைக்குமே பயன்படாது என்றும் நான் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில், ஆய்வகத்தில் வளர்த்த டோபமைன் செல்களைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வைத்த இரண்டு சிறு சோதனைகளின் முடிவு வெளிவந்தது. வட அமெரிக்காவில் 12 பேர், ஜப்பானில் 7 பேர். பெரிய ஆபத்து இல்லை, நம்பிக்கை தரும் அறிகுறிகள் உண்டு. ஆனால் ஒப்பிட இன்னொரு பிரிவு அவற்றில் இல்லை. ஷார்கோவின் நாற்காலி இருந்த அதே இடத்தில்தான் இது இப்போது நிற்கிறது. அடுத்த படியை ஏறட்டும், பார்ப்போம். சார் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "எனக்கு வேண்டாம், ஆனா ரிசல்ட் வந்தா சொல்லு" என்றார்.

அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இந்த மாதிரி நோய்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை தருவது நெறிக்கு மாறானது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2017 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, அந்த நாலரை லட்சம் ஊசிக்கு என்ன பெயர்? சாரிடம் கேட்டேன். கை நடுங்கினாலும் புத்தி நடுங்கவில்லை அவருக்கு. "அதுவும் சோதனைதான். கணக்கு எழுதாத சோதனை. நோயாளி காசுல நடக்குது, ரிசல்ட் மட்டும் யாருக்கும் கிடைக்காது" என்றார். தலைப்பு அவர் கொடுத்தது.

தம்பி மகனே, மனையை விற்காதே. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, வாரம் ஐந்து நாள் நல்ல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஏற்பாடு செய். ரத்த அழுத்த மாத்திரையும் ஆஸ்பிரினும் ஒரு நாள் விடாமல் கொடு. மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதே. இரண்டாவது பக்கவாதம் வராமல் இருப்பதுதான் இப்போது நமக்குப் பெரிய லாபம். வருகிற வியாழக்கிழமை நானும் உன்னோடு மருத்துவமனைக்கு வருகிறேன். அந்தக் கைப் பயிற்சி ஆய்வில் இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்று கேட்போம். எட்டு மாதம் ஆனவர்களைச் சேர்ப்பார்களோ என்னவோ. சேர்த்தால், குலுக்கலில் எந்தப் பிரிவு விழுந்தாலும், உன் அப்பாவின் கை ஒரு கணக்கில் ஏறும். நாளைக்கு யாரோ ஒரு பிள்ளை தன் அப்பாவுக்காக அந்தக் கணக்கைப் பார்ப்பான்.

எழுதி முடிக்கும்போது மணி ஐந்தே முக்கால். சாருக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், மதியம் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்